இன்மையை அறிதல்: காணாமற்போனோர் குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒரு மனிதர் ஓரிடத்தில் இல்லை என்று கூறுவதற்கு எத்தகைய சான்று வேண்டும்? எளிய வினாப்போலத் தோன்றும் இதனை அளவையியலார் பல நூற்றாண்டுகளாக வாதித்து வந்துள்ளனர். ஏட்டுச் சுவடிகளில் நிகழ்ந்த அவ்வாதம் இலங்கையில் வீட்டு முற்றத்துக்கும் நீதிமன்ற வாயிலுக்கும் வந்துவிட்டமை இந்த அரைநூற்றாண்டின் கொடிய அனுபவங்களுள் ஒன்றாகும். ‘அவர் எங்களிடம் இல்லை’ என்னும் மூன்று சொற்களைக் கேட்டுத் திரும்பிய தாயொருத்தி, தான் கேட்டது அறிவா அன்றி வெறும் ஒலியா என்று தனக்குள் வினவத் தொடங்கும் கணத்திலேயே, புலனாய்வு என்னும் தொழில் அதனைப் பயிலாத ஒருவரின் கைக்கு வந்து சேர்கிறது. அவ்வாறு தொழில்முறை சாராதவர், அதிகாரமோ பயிற்சியோ இல்லாதவர், பல்லாண்டுகளுக்கு முன் காணாமற்போன ஒருவரைத் தேடும் முயற்சியின் அறநிலை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருகோணமலைத் துறைமுகம் இவ்வினாவை எழுப்புதற்குப் பொருத்தமானதோர் இடம். ஆழமும் அடக்கமும் ஒருங்கே வாய்ந்த அதன் உட்துறை, கப்பல்களைப் புயலிலிருந்து மட்டுமன்றிக் கண்களிலிருந்தும் மறைக்கவல்லது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அதனை விரும்பியமைக்கு அதுவே காரணம். அதன் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில், 1660ஆம் ஆண்டு ஏப்ரலில், ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்த கப்பல் அது. புதிய மரம் நாடி வந்த இடத்தில் மனிதரை இழந்தது. தந்தை அடுத்த ஆண்டே சிறையிருப்பில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1679ஆம் ஆண்டு ஒக்ரோபரில், மன்னார்ப் பகுதியில் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையைச் சென்றடைந்தார். 1681இல் இலங்கை பற்றிய அவரது நூல் இலண்டனில் வெளிவந்தது. வரலாற்று மாணவர் அந்நூலைக் கண்டி இராச்சியத்தின் சமூக வாழ்வுக்கு ஆதாரமாகப் பயில்வர். அறவியல் நோக்கில் அது மற்றொன்றையும் உணர்த்துகிறது. நொக்சின் வழக்கில் காணாமற்போனவரே சாட்சி. அவர் திரும்பி வந்து பேசினார். பிறர் அநுமானிக்க வேண்டிய தேவை எழவில்லை. அவருடன் பிடிபட்டோருட் பலருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களைப்பற்றி அறியக்கிடப்பதெல்லாம் நொக்ஸ் சொல்லியவையே. திரும்பி வாராதவரின் பொருட்டுப் பேசுவதற்கு இன்னொருவர் வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று.

அதே துறைமுகம் முந்நூற்றைம்பது ஆண்டுகளின் பின் வேறொரு வழக்கில் இடம்பெற்றது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் அயலிலும் பதினொருவர் வெவ்வேறு வேளைகளிற் கடத்தப்பட்டனர். அவர்களுள் ஐவர், 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி தெகிவளையில் ஒரே வேளையிற் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர். தமிழரும் முஸ்லிம்களும் அப்பதினொருவருள் இருந்தனர். நோக்கம் கப்பம் பெறுதலே எனப் புலனாய்வாளர் பின்னர் நீதிமன்றத்துக்கு அறிவித்தனர். கடத்தப்பட்டோர் கொழும்பிலிருந்து திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ‘கன் சைற்’ எனப்பட்ட நிலக்கீழ் அறைகளில் வைக்கப்பட்டனர் என்பதும் அவ்வறிக்கைகளின் கூற்று.

இவ்வழக்கின் தொடக்க வரலாறு விதந்து கூறத்தக்கது. உத்தியோகபூர்வ விசாரணை, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய கடற்படைத் தளபதி தம் சொந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கு எதிராகச் செய்த முறைப்பாட்டிலிருந்து கிளைத்தது. அவ்வதிகாரியின் உடைமைகளிடையே காணாமற்போனோர் சிலரின் அடையாள அட்டை முதலியன கிடைத்தன. ஆயினும் அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே மற்றொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதனை நடத்தியோர் பெற்றோர். தடுத்துவைக்கப்பட்ட பிள்ளைகள், காவலிருந்தோருட் சிலரின் இரக்கத்தால் இரவலாகக் கிடைத்த கைத்தொலைபேசிகளிலிருந்து வீட்டாரோடு பேசினர். பெற்றோர் அவ்விலக்கங்களைக் குறித்துவைத்தனர். பேசிய நாளையும் நேரத்தையும் எழுதினர். தம் போன்ற பிற குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்தனர். பொலிசாரிடமும் அமைச்சர்களிடமும் மதத் தலைவர்களிடமும் சென்றனர். பின்னர் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் தொலைபேசிப் பதிவுகளைக்கொண்டு வழக்கினைக் கட்டியெழுப்பியபோது, சமையலறை மேசையில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளின் பெறுமதி புலப்பட்டது.

இங்குத்தான் முதலாவது தடை எழுப்பப்படுகின்றது. தன் பிள்ளையைத் தேடுபவர் நடுநிலையாளர் அல்லர்; பற்று உள்ள இடத்தில் ஆய்வு இல்லை என்பர். இத்தடையை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. பற்று கண்ணைத் திரிக்கும் என்பதற்கு இந்நாட்டில் உதாரணங்கள் நிறைய உண்டு. செய்தித்தாளில் வந்த கலங்கிய படமொன்றில் தம் பிள்ளையின் முகத்தைக் கண்டதாகச் சாதித்த தாய்மார் பலர். ‘உங்கள் மகனை இன்ன முகாமிற் கண்டேன்’ என்று சொல்லிப் பணம் பறித்தவர்களின் கதைகளை வடக்கிலும் கிழக்கிலும் கேளாத ஊர் இல்லை. இருந்தபோதிலும், ஒருவர் ஏன் தேடுகிறார் என்பதும், அவர் கண்டெடுத்தது யாது என்பதும் வெவ்வேறு வினாக்கள். முன்னதன் விடை பின்னதனைப் பொய்யாக்குவதில்லை. ஒரு தொலைபேசி இலக்கம், அதனை எழுதிய கை நடுங்கியது என்பதனால் வேறோர் இலக்கமாகிவிடாது. அன்றியும், குற்றஞ் சாட்டப்படுவது அரசின் ஓர் உறுப்பாக இருக்குமிடத்து, அவ்வரசின் மற்றோர் உறுப்பு நடத்தும் விசாரணையைப் பற்றற்றது என்று எடுத்த எடுப்பிலே கொள்வதற்கும் நியாயமில்லை. பற்று இரு தரப்பிலும் உண்டு. ஒன்று வெளிப்படையானது, மற்றது சீருடை அணிந்தது.

தமிழிலக்கியத்தில் தனியொருவர் நடத்திய மறுவிசாரணைக்குக் கண்ணகியே முதல் உதாரணம். கிழக்கிலங்கையிற் கண்ணகை அம்மனாக வழிபடப்பெறும் அவள் தெய்வமாவதற்கு முன்னர் ஒரு வழக்காளி. முடிந்துபோனதென அரசு கொண்ட வழக்கினை அவள் மீளத் திறந்தாள். அவளுடைய முறையினை நோக்குமிடத்து அது வெறும் சினத்தின் முறையன்று என்பது புலனாகும். சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கூற்றை அவள் முன்வைத்தாள்: தன் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்பதை அரசனே ஒப்புக்கொண்டான். எஞ்சியது உடைத்துப் பார்த்தல் ஒன்றே. காப்பியம் பயில்வோர் பெரும்பாலும் அச்சிலம்பு உடைந்து மணி தெறித்த காட்சியிலே கருத்தூன்றுவர். அதற்கு முந்திய சில கணங்களே இங்கு முக்கியமானவை. வாயிற்காவலன் அவளை உள்ளே விட்டான். அரசன் அவளை யாரென வினவினான். தன் காவலில் இருந்த சிலம்பைத் தானே வருவித்து அவள் முன்னர் வைப்பித்தான். சான்றுப்பொருள் குற்றஞ்சாட்டப்பட்டவன் கையிலேயே இருந்தது. அதனை அவன் தந்தான். நெடுஞ்செழியனின் குற்றம் பெரிதே. எனினும் அவன் மன்றத்தின் கதவு திறந்திருந்தது. திருகோணமலையில் அத்தளத்தின் வாயிலையோ பிற முகாம்களின் வாயில்களையோ தேடிச் சென்ற பெற்றோர் வாயிற்காவலனோடு நின்றனர். கண்ணகிக்கு வாய்த்த மூன்று படிகளில் முதலாவதையே அவர்கள் ஏற இயலவில்லை.

‘இங்கே இல்லை’ என்ற விடையின் பெறுமதியை இனி ஆராயலாம். இன்மையை அறிவது எவ்வாறு என்பது இந்திய மெய்யியலின் பழைய சர்ச்சை. மணிமேகலை சமயக் கணக்கர் தம் திறங்கேட்ட காதையில் அளவைகளை எண்ணுமிடத்து அபாவமும் அருத்தாபத்தியும் இடம்பெறுகின்றன. நிலத்திற் குடம் இல்லை என்பதை அறிவதற்குக் காட்சியே போதும் என்பர் நையாயிகர். அன்று, காணாமையே ஒரு தனி அளவை என்பர் குமாரிலபட்டரின் வழிவந்த மீமாஞ்சகர். அருணந்தி சிவாசாரியார் போன்ற சைவசித்தாந்திகள் அனைத்தையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். இவர்களிடை எத்துணை வேறுபாடு இருப்பினும் ஒரு நிபந்தனை பொதுவானது. குடம் அங்கிருந்திருப்பின் காணப்பட்டிருக்கும் என்னும் நிலை இருந்தாலன்றி, காணாமை இன்மைக்குச் சான்றாகாது. இருட்டறையில் நின்று ‘குடத்தைக் காணேன்’ என்பவன் உண்மையே உரைக்கிறான்; ‘ஆகவே குடம் இல்லை’ என்பானாயின் அவன் அறியாததைக் கூறுகின்றான்.

இந்நிபந்தனையைத் துறைமுகத்துக்குப் பொருத்துக. கடற்படைத் தளம் பொதுமக்கள் புக இயலாத இடம். நீதவானோ ஆணைக்குழுவோ அறை அறையாகச் சென்று நோக்காத காலமெல்லாம், அங்கு எவரும் இல்லை என்ற விடை இருட்டறையின் விடையே. 2015ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வலிந்து காணாமலாக்கப்படுதல் பற்றிய செயற்குழுவினர் அத்தளத்திலிருந்த நிலக்கீழ் அறைகளைச் சென்று பார்வையிட்டு, அவை இரகசியத் தடுப்பிடமாகப் பயன்பட்டமையைப் பகிரங்கமாக அறிவித்தனர். அப்பொழுது அங்கு எவரும் இல்லை. ஆனால் அந்த ‘இல்லை’ முதன்முறையாக விளக்கொளியில் நின்று சொல்லப்பட்ட ‘இல்லை’. அதற்கு முன் சொல்லப்பட்டவற்றோடு சொல்லால் ஒன்றாயினும், அறிவு என்ற வகையில் இதற்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

அருத்தாபத்திக்கு நூலோர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று, இவ்விடயத்தை முன்னுணர்ந்து சொன்னதோ என்று எண்ணத்தக்கதாக உள்ளது. உயிரோடிருக்கும் தேவதத்தன் வீட்டில் இல்லை; எனவே அவன் வெளியில் எங்கோ இருக்கிறான். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்ற மற்றைய உதாரணத்தையே மாணவர் நினைவில் வைத்திருப்பர்; வீட்டில் இல்லாத தேவதத்தனை மறந்துவிடுவர். இவ்வநுமானத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது ‘உயிரோடிருக்கும்’ என்னும் ஓர் அடை. அது எங்கிருந்து பெறப்பட்டது? பிற்கால மீமாஞ்சகருட் சிலர் அதனைச் சோதிட நூலிலிருந்து பெற்றதாகக் கொள்வர். நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இன்று மகனின் சாதகத்தை எடுத்துக்கொண்டு ஊரூராகச் செல்லும் தாயும் அதே இடைவெளியை அதே பொருளாலேயே நிரப்புகின்றாள். கடைசித் தொலைபேசி அழைப்பு நின்ற நாளுக்குப்பின் அவளுக்கு வேறு பிரமாணம் வழங்கப்படவில்லை. அவள் பகுத்தறிவற்றவள் என்று கூறும் படித்தவர், அவளுக்குப் பகுத்தறிவின்பாற்பட்ட சான்றை மறுத்தவர் யார் என்பதையும் கூறுதல் வேண்டும்.

இனி வரும் வினா கடினமானது. தேடலின் முடிவு மரணச் செய்தியாகவே இருக்கும் என்று புறத்தேயுள்ள ஒருவர் நியாயமாக ஐயுறும்போது, அத்தேடலைத் தொடர்தலும் தொடரத் தூண்டுதலும் அறமாகுமா? நம்பிக்கையொன்றினாலேயே உயிர்தரித்திருக்கும் முதிய பெற்றோரிடம் உண்மையைக் கொண்டு செல்வது இரக்கமின்மை ஆகாதா? ‘அறியாமை இன்பம்’ என்னும் வாதத்தை இங்கு எவரும் எழுப்புதல் கூடாது. அவ்வின்பம் எங்கும் இல்லை. ஆயினும் அறியாமைக்கும் அறிவுக்கும் இடையில் மனிதர் தமக்கென அமைத்துக்கொண்ட வாழ்வொன்று உண்டு என்பதை மறுத்தலும் இயலாது.

மரபு இதனை அறியாதிருக்கவில்லை. செய்தி அற்றுப்போனவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, தருப்பையால் உருச்செய்து எரியூட்டும் வழக்கினைத் தரும நூல்கள் கூறும். மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம் மக்களின் மார்க்கச் சட்ட நூல்கள் காணாமற்போனவரை ‘மஃப்கூத்’ எனத் தனியாக வகுத்துள்ளன. மாலிக் மத்ஹபின்படி மனைவி நான்காண்டு காத்திருந்து, அதன்பின் இத்தாக் காலத்தையும் கழித்து மறுமணம் செய்யலாம். ஆங்கிலச் சட்ட மரபில் ஏழாண்டு. இலங்கையின் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் ஓராண்டுக்கு மேலாகக் காணப்படாதவரின் மரணத்தைப் பதிவதற்கு வழிசெய்தது. பன்னிரண்டு, ஏழு, நான்கு, ஒன்று எனக் காலம் குறுகினும் இவை யாவும் ஒரே இனத்தவை: உண்மை கிட்டாவிடத்து, வாழ்வு தடைப்படாதிருக்க மனிதர் செய்துகொண்ட உடன்பாடுகள். கடலோ காடோ கொண்டுபோனவருக்காகச் செய்யப்பட்டவை அவை. அதிகாரி ஒருவர் விடையை அறிந்திருந்தும் கூற மறுக்கும் நிலைக்கு அவ்வுடன்பாடு பொருந்துமா என்பதே ஐயம். இதனாலேயே பல குடும்பங்கள் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தன. சான்றிதழில் மரணத்தின் காரணம் எழுதும் இடம் ஒன்று உண்டு என்பதை அவர்கள் மறக்கவில்லை. 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திருத்தச் சட்டம் காணாமைச் சான்றிதழ் என்னும் புதியதொன்றை ஏற்படுத்தியது. இறந்தார் என்றோ இருக்கிறார் என்றோ கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் அப்பத்திரம், இலங்கைச் சட்டம் அளவையியலுக்கு அமைந்து நடந்த அரிய தருணங்களுள் ஒன்று எனலாம்.

ஆர்ஜென்ரீனாவில் இவ்வினா பிளவாகவே வெடித்தது. 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி புவனஸ் அயர்சின் மே சதுக்கத்தில் முதன்முறை கூடிய அன்னையர், இராணுவ ஆட்சியினராற் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடினர். ஆட்சி வீழ்ந்தபின் 1984இல், அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ அங்குச் சென்று புதைகுழிகளை முறைப்படி அகழ முற்பட்டபோது அவருக்குத் துணைவந்தோர் மருத்துவமும் மானிடவியலும் தொல்லியலும் கற்றுக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர். அனுபவமற்ற அம்மாணவர் குழுவே பிற்காலத்தில் உலகின் பல நாடுகளிலும் பணியாற்றிய ஆர்ஜென்ரீனத் தடயவியல் மானிடவியற் குழுவாக வளர்ந்தது. ஆனால் அன்னையருள் ஒரு சாரார் அகழ்வை எதிர்த்தனர். உயிரோடு கொண்டுசென்றவரை உயிரோடு தருக என்பது அவர்தம் முழக்கம். எலும்பைப் பெற்றுக்கொண்டால் கொன்றவன் யார் என்ற வினா மண்ணோடு மூடப்படும் என அஞ்சினர். 1986இல் இயக்கம் இரண்டாயிற்று. அகழ்ந்தறிய விரும்பியவர் உண்மையை நாடினர், மறுத்தவர் அதனை அஞ்சினர் என்று தீர்ப்பளிப்பது பிழை. முதற்சாரார் நாடியது ‘என்ன ஆயிற்று’ என்னும் உண்மை. மற்றவர் நாடியது ‘யார் பொறுப்பு’ என்னும் உண்மை. இரண்டனையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பேரம்பேச இயலும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே தொடங்கி, அவ்வாண்டிலேயே திருகோணமலைக்கும் பரவிய தெருவோரப் போராட்டத்தின் பெற்றோர், காணாமற்போனோர் அலுவலகத்தை ஐயத்தோடு நோக்கியமையும் இவ்வறிவினாலேயே.

எனவே இரக்கத்தின் பெயரால் உண்மையை மறைத்தலும், உண்மையின் பெயரால் அதனைத் திணித்தலும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். இரண்டிலும், எதனை எப்பொழுது அறிவது என்று தீர்மானிக்கும் உரிமை குடும்பத்தவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேசச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, காணாமற்போனவரோடு அவரது மறைவால் நேரடியாகப் பாதிக்கப்பட்டோரையும் பாதிக்கப்பட்டவர் என வரையறுத்து, உண்மையை அறியும் உரிமையை அவர்களுக்கு வழங்குகின்றது. இலங்கை 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. உரிமை என்பது அதனை உடையவர் பயன்படுத்தாது வைத்திருக்கவும் கூடியது என்பதை உரையாசிரியர்கள் வலியுறுத்துதல் வேண்டும்.

குடும்பத்தவரல்லாத தேடுநர், அதாவது செய்தியாளர், ஆய்வு மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெறும் ஆர்வலர் ஆகியோரின் நிலை இதனின்றும் வேறு. அவர்க்கு உரிமை இல்லை. வாய்ப்பு மட்டுமே உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகட்கு முந்திய வழக்கொன்றை ஏட்டிலிருந்து எடுத்துப் புதிராகக் கருதி விடுவிக்கும் இன்பம் வலியது. துப்பறியும் கதை படித்து வளர்ந்த தலைமுறைக்கு அது இயல்பானதும்கூட. தவறு அவ்வின்பத்திலன்று, அதன் செலவைப் பிறர் செலுத்துவதிலேயே உண்டு. ஐயத்துக்குரியவர் எனப் பெயர் சொல்லப்பட்ட ஒருவர் குற்றமற்றவராயின் அவருக்கு மறுப்புரைக்க மன்றம் இல்லை. மண்வெட்டியோடு சென்று புதைகுழியைக் கிளறியவர், எலும்பு கிடந்த நிலையையும் மண்ணடுக்கையும் அழித்து, ஸ்னோவின் மாணவர் மாதக்கணக்கிற் பொறுமையோடு தூரிகையால் நீக்கி அறிந்தவற்றை ஒரு பிற்பகலில் இல்லாமற் செய்துவிடுவார். உறுதிப்படாத செய்தியோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுபவர் அவ்வீட்டின் பத்தாண்டு உறக்கத்துக்குக் கடன்பட்டவராவார்.

திருகோணமலை வழக்கின் பிற்போக்கு அறியப்பட்டதே. 2019ஆம் ஆண்டில் முன்னாட் கடற்படைத் தளபதி உட்படப் பதினால்வருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. வழக்கைப் புலனாய்ந்த அதிகாரி நிஷாந்த சில்வா அவ்வாண்டு நவம்பரில் நாட்டை விட்டு வெளியேறிச் சுவிற்சர்லாந்து சென்றார். முன்னாட் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டைத் தொடர்வதில்லை எனச் சட்டமா அதிபர் 2021இல் முடிவுசெய்தார். தொழில்முறைப் புலனாய்வாளர் நாட்டைவிட்டுச் சென்றபின்னும் தொழில்முறை சாராதோர் எஞ்சினர். அவர்களுக்குச் செல்வதற்கு வேறிடம் இல்லை.

1990களின் வலய ஆணைக்குழுக்கள் முதல், 2013இல் அமைந்து 20,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகளைப் பெற்ற பரணகம ஆணைக்குழு ஈறாக, ஒரே தாய் ஒரே கதையை நான்கைந்து தடவை நான்கைந்து மேசைகளின் முன் கூறியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுத்தர் சுருக்கியெழுதினார். மொழிபெயர்ப்பாளர் மேலும் சுருக்கினார். முதலாவது கூற்றில் இருந்த வாகன இலக்கத்தின் ஓர் எண் மூன்றாவதில் மாறியிருப்பின், அது சாட்சியின் முரண்பாடாகக் கொள்ளப்படும். பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்க பணி இங்குள்ளது. அதற்குத் துப்பறியும் திறன் வேண்டுவதில்லை. வீட்டில் எஞ்சியுள்ள குறிப்பேடுகள், முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுகள், கடிதப் பிரதிகள் ஆகியவற்றை உடையோரின் இசைவுடன் படியெடுத்து, எழுதப்பட்ட திகதி தெரிந்தவிடத்து அதனைக் குறித்து, வாசிக்க இயலாத சொல்லை இயலாததென்றே விட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சொல்லும் கூட்டாமற் குறையாமற் பெயர்த்து வைத்தல். குறிப்பேட்டை எழுதிய பெற்றோருட் பலர் இப்பொழுது முதியோர்; மையும் மங்கிவருகின்றது. மூலத்தை அவர்கள் கையிலேயே விட்டுவிட வேண்டும்.